மறுகுற்றாலத்தில் செத்தவன்

“அப்போ நான் செத்தது எந்த இடத்துல?”

“ஆறாம் பக்கம், அண்ணாச்சி. மேல இருந்து மூணாவது கட்டம்.”

“எப்படிச் செத்தேன்?”

“வாயப் பொளந்துக்கிட்டு.”

“அதக் கேக்கலலே. கத்தியா, துப்பாக்கியா, விஷமா?”

“வழுக்கி. அருவிப் பாறையில கால வச்சு, வழுக்கி. உங்களுக்கு இதுவே சாஸ்தி. இதுல துப்பாக்கி வேறயாக்கும்!”

கேள்வி கேட்டவன் துல்கர்னைன், தென்காசியின் ஒரே தனியார் துப்பறிவாளன். இரண்டாவதாக ஒருவர் இந்தத் தொழிலுக்கு வராததற்குக் காரணம், முதல் ஆளுக்கே வேலை இல்லை என்பதுதான். பிழைப்புக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தான். பாரிசின் சாக்கடை, மாஸ்கோவின் பனி, லண்டனின் மூடுபனி எல்லாவற்றையும் தமிழ் மொழிபெயர்ப்பில் கடந்து வந்தவன். கால்நடையாக இலஞ்சியைத் தாண்டியதில்லை. வைகாசி வெயிலில் கம்பளிக் கோட்டு மாட்டியிருந்தான். அவன் படித்த எந்தத் துப்பறிவாளனும் வெறும் சட்டையோடு குற்றவாளியைப் பிடித்ததில்லை.

பதில் சொன்னவன் அவனுடைய உதவியாளன் மாடக்கண்ணு. சைக்கிள் கடைக்காரன். டயருக்குக் காற்றடிக்கும் பழக்கத்தில் பேச்சையும் அழுத்தித்தான் அடிப்பான்.

இருவரும் நின்றுகொண்டிருந்தது அப்துல் மஜீதின் அச்சாபீசில். மேசைமேல் கிடந்தது பிணம். அதாவது, எட்டுப் பக்கப் படப் புத்தகம் ஒன்று. முந்தாநாள் காலை யாரோ கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். எழுத்து ஒன்றுகூட இல்லை, நீல மையில் படம் மட்டும். அதில், தென்காசி வட்டாரமே கொண்டாடும் அருவி வீரன் பாறையில் வழுக்கி, கைகள் இரண்டும் வானத்தைப் பார்க்க, செத்துக் கிடந்தான்.

அருவி வீரனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். மஜீது மாதம் ஒன்றாக வெளியிடும் படக்கதையின் நாயகன் அவன். பேரருவியின் கீழே போய் நின்றால் நூறு யானை பலம் வரும். கழுத்தில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு பறப்பான். முகமூடி கிடையாது, நனைந்தால் ஊறிப்போகும் என்று மஜீது சொல்லிவிட்டார். ஆகவே ஒரு முகம் தேவைப்பட்டது. ஓவியர் ஆதம், சும்மா உட்கார்ந்திருக்கிற முகமாகத் தேடி, புத்தகக் கடை துல்கர்னைனைப் பிடித்துப் போட்டுவிட்டார்.

தொல்லை முதல் கோடையிலேயே வந்தது. அருவி வற்றியது. வீரனின் பலமும் வற்றியது. இரண்டு இதழ் முழுக்க நாயகன் தென்காசி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசகர்கள் கொட்டாவி விட்டார்கள். அந்தச் சமயம் கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த இங்கிலீஷ் படக்கதை ஒன்று ஆதம் கையில் சிக்கியது. அதில் ஒரே பெயரில் இரண்டு வீரர்கள், இரண்டு பூமி, ஒன்று அசல், மற்றது அதன் பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. மஜீது கும்பிடாத குறையாக அதைப் பிடித்துக்கொண்டார். மறுகுற்றாலம் பிறந்தது.

மறுகுற்றாலத்தில் அருவி வற்றாது. எல்லாம் இடம் வலம் மாறியிருக்கும். இங்கே பெண்கள் குளிக்கும் பக்கம் அங்கே ஆண்களுக்கு. இங்கே வீரன் சாரத்தை, அதாவது கைலியை, இடுப்பில் இடது பக்கம் செருகியிருப்பான், அங்கே இருக்கிறவன் வலது பக்கம். செருகலைப் பார்த்தே ஆள் எந்தத் தெரு என்று சொல்லிவிடுகிற ஊரில் இந்த அடையாளம் ஒருவரையும் குழப்பவில்லை. செங்கோட்டை ஒரே ராத்திரியில், இருந்த இடத்திலிருந்து ஒரு சாண்கூட நகராமல், மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ் ராஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்த ஜனங்கள்தானே?

அதற்குப் பிறகு மஜீதுக்கு எழுத்து சுகமாகிவிட்டது. கதையில் எந்தத் தப்பு நடந்தாலும் மறுகுற்றாலத்துக்கு அனுப்பிவிடுவார். ஏழாவது இதழில் ஏதோ நினைவில் வீரனுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். வாசகர்கள் கொதித்துப்போனார்கள். ‘அது அந்த ஆளு’ என்று எட்டாவது இதழில் ஒரு வரி போட்டார். கொதிப்பு அடங்கியது. ஊரே அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. பரீட்சையில் கோட்டை விட்டவன், “மறுகுற்றாலத்துல நான் பாசு” என்றான். குழம்பில் உப்பு அதிகமானால், “அது அங்கன வச்ச குழம்பு” என்றார்கள்.

“தம்பி, செருகலப் பாத்தீரா?” மஜீது தொண்டையைக் கனைத்தார். “இடது பக்கம். செத்தது அந்த ஆளுன்னா எனக்குக் கவல இல்ல. இது நம்ம ஆளு. அசல்.”

“யாருகிட்டயும் காட்டினியளா?”

“கம்பாசிட்டர் இசக்கியப்பன் மட்டும் பாத்தான்.”

“அப்போ ரேடியோவுல சொன்ன மாதிரிதான்” என்றான் மாடக்கண்ணு.

உண்மைதான். முந்தாநாள் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. புத்தகம் வாடகைக்கு எடுத்தவன் ஒருவன், “இனி யாருகிட்ட திருப்பிக் கொடுக்கணும்?” என்று துல்கர்னைனிடமே வந்து கேட்டான்.

அதையெல்லாம் அவன் பொறுத்துக்கொள்வான். பொறுக்க முடியாதது இலத்தூரில் நடந்தது. இலத்தூர் சாரம் வியாபாரி வீட்டுப் பெண் ஷமீம் பானுவுக்கும் அவனுக்கும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வியாபாரி கொழும்பில் இருந்தார்; இங்கே முடிவு சொல்ல வேண்டியது பெண்ணின் தாய் ஹைருன் பீவி. ஏழாவது இதழ் வந்தபோதே அவர், “மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்காளாமே?” என்று கேட்டு அனுப்பினார். அது வேறு உலகம் என்று விளக்கச் சொல்லி ஆள் அனுப்பி, ஒருவழியாக அவர் சமாதானம் ஆகியிருந்த நேரத்தில் இந்தச் சாவு. இன்று காலை சேதி வந்தது: படமோ பொய்யோ, இந்தப் பையனைச் செத்துக் கிடக்கிறதாகப் பார்க்க ஆசைப்படுகிற ஒரு பகையாளி எங்கேயோ இருக்கிறான், அவன் யார் என்று தெரியாமல் என் மகளை அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

நியாயமான பேச்சு. துல்கர்னைன் பெண்ணை நேரில் பார்த்ததில்லை. ஆனால் கல்யாணத் தரகு பேசிய அம்மாள் சொல்லியிருந்தார்: அந்தப் பிள்ளை அருவி வீரன் ஒரு இதழ் விடாமல் படிக்குமாம். தன் முகத்தை மாதாமாதம் விரும்பிப் பார்க்கிற ஒரு ஜீவன் உலகத்தில் உண்டு என்பது அவனுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் நற்செய்தி. அதை இழக்க அவன் தயாராக இல்லை.

அவன் புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனான். கண்களைப் பாதி மூடினான்.

“ஒரு வாசன வருது. கசப்பு… எண்ணெய்ப் பசை… ஆப்பிரிக்கக் காட்டு விஷம் ஒண்ணு இப்படித்தான்…”

மாடக்கண்ணு வாங்கி முகர்ந்தான். “வெளக்கெண்ணெய்.”

“நிச்சயமா?”

“எங்கம்மை மாசத்துக்கு ஒருக்கா வாயில ஊத்துவா. எனக்குத் தெரியாதா?”

நீல மையில் விளக்கெண்ணெய். துல்கர்னைன் அதை மனதில் குறித்துக்கொண்டு, சந்தேகப் பார்வையை மூலையில் உட்கார்ந்திருந்த ஓவியர் ஆதம் பக்கம் திருப்பினான்.

“என்னை ஏன் பாக்குதிய? நான் வரைஞ்சா காலு இவ்வளவு லட்சணமா வராது” என்றார் ஆதம். அதை மறுக்க ஒருவராலும் முடியவில்லை.

துல்கர்னைன் அடுத்த ஆயுதத்தை எடுத்தான். சுவரில் இசக்கியப்பன் தலைசீவும் கண்ணாடி தொங்கியது. அதன் முன்னால் நின்று, படத்தில் இருந்த முகத்தையும் கண்ணாடியில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நெற்றி சரி. மூக்கு, வருத்தமாக இருந்தாலும், சரி. கன்னத்து மச்சம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

“கைதேர்ந்த எதிரி. அச்சு அசலா, கண்ணாடியில பாக்குற மாதிரியே இருக்கு.”

மாடக்கண்ணு எட்டிப் பார்த்தான். படத்தைப் பார்த்தான், அண்ணாச்சியைப் பார்த்தான், சிரிக்க ஆரம்பித்தான்.

“என்னலே?”

“அதான் அண்ணாச்சி தப்பே. கண்ணாடியில பாக்குற மாதிரி இருக்கு. நாங்க பாக்குற மாதிரி இல்ல. மச்சம் அந்தக் கன்னத்துல இருக்கு.”

அச்சாபீசில் எல்லாரும் துல்கர்னைனின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு படத்தை. மச்சம் அவனுக்கு இடது கன்னத்தில். பிணத்துக்கு வலது கன்னத்தில். தன் முகத்தைக் கண்ணாடியில் மட்டுமே கண்ட ஒரே ஆள் தான்தான் என்பதும், அதனாலேயே இந்த ஊரில் தன்னைத் தப்பாகத் தெரிந்துவைத்திருக்கும் ஒரே ஆளும் தான்தான் என்பதும் துல்கர்னைனுக்கு அந்த நிமிஷம் உறைத்தது. வெளிக்காட்டிக்கொள்ளவில்லை.

“ஆதம் பாய், மறுகுற்றாலத்து ஆளுக்கு மச்சம் எங்கன போடுதிய?”

ஆதம் தலையைச் சொறிந்தார். “எல்லாத்தையும் மாத்துவேன். மச்சத்த மட்டும்… மறந்துருவேன். உங்க மூஞ்சியப் பாத்துல்லா போடுதேன்! ரெண்டு பேருக்கும் இடதுலயேதான் இருக்கும்.”

“இத்தன நாளா ஒரு பய கண்டுபிடிக்கலயே” என்று மஜீது பூரித்தார்.

துல்கர்னைன் படித்த நாவல்களில் இந்த மாதிரி நேரத்தில் மெழுகுவர்த்தி ஒன்று நடுங்கும். இங்கே வெளியே பஸ் ஒன்று ஆரன் அடித்தது. அவன் ஆறாம் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். பிடித்து, தாளைத் திருப்பினான். பின்பக்கம் வழியே படம் தெரிந்தது. இப்போது மச்சம் இடது கன்னத்துக்கு வந்துவிட்டது. ஆனால் இடுப்புச் செருகல் வலது பக்கம் போய்விட்டது.

“யா அல்லாஹ், இது என் படம்!” ஆதம் கூவினார். “ஏழாவது இதழ்! கல்யாணம் முடிஞ்சு அருவியில வந்து கையத் தூக்கி நிப்பானே, அது!”

ஏழாவது இதழ் வந்தது. மேலே வைத்துப் பார்த்தார்கள். நின்றவனைச் சாய்த்து, காலை அழகாக்கி, வாயைத் திறந்துவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். மற்றது கோட்டுக்குக் கோடு பொருந்தியது.

“ஆக,” என்றான் துல்கர்னைன். ‘ஆக’ என்று சொல்ல அவன் வருஷக்கணக்காகக் காத்திருந்தான். “யாரோ இந்தப் படத்த மரக்கட்டையில ஒத்தி எடுத்து, அப்படியே வெட்டி, மை தடவிக் குத்தியிருக்காங்க. கட்டையில நேரா வெட்டினா தாளில திரும்பித்தான் விழும்.”

“அது எங்க ஆபீஸ் பூனைக்கே தெரியும்” என்றார் மஜீது.

“அதனால செஞ்சது அச்சுத் தெரிஞ்ச ஆள் இல்ல. கொல்ல நெனச்சதும் என்னை இல்ல. மறுகுற்றாலத்து ஆள. கல்யாணம் ஆனவன. அவனக் குறி வச்சு, கை தவறி என்னப் போட்டுட்டாங்க.”

“கல்யாணம் ஆனவன் மேல யாருக்கு அண்ணாச்சி அவ்வளவு ஆத்திரம்? அவன் பொஞ்சாதியத் தவிர?”

துல்கர்னைன் சிந்தனையில் அங்குமிங்கும் நடந்தான். கோட்டு விலகியது. மாடக்கண்ணு திடீரென்று குனிந்து அவன் சாரத்தின் ஓரத்தைப் பிடித்தான்.

“விடுலே! ஊரு பாக்குது!”

“சும்மா நில்லுங்க.” மாடக்கண்ணு அந்த ஓரத்தை முகர்ந்தான். “அதே நீலம். அதே வெளக்கெண்ணெய்.”

புதுச் சாரத்தின் ஓரத்தில் வியாபாரியின் மூன்று பிறை முத்திரை குத்தியிருந்தது. மரக்கட்டையில் மை தொட்டுக் குத்துகிற முத்திரை. கொழும்புக்குப் போகும்முன் இலத்தூர் வியாபாரி பெருநாளுக்கு என்று மாப்பிள்ளைக்கு அனுப்பிய சாரம் அது.

கட்டையும் மையும் இருக்கிற வீடு. வீட்டுக்காரர் கொழும்பில். வீட்டில் இருப்பது தாயும் மகளும். தாய்க்கோ இந்தச் சம்பந்தத்தில் ஆரம்பத்திலிருந்தே தயக்கம்.

“மாமி,” என்றான் துல்கர்னைன்.

“மருமகன் வாரதுக்கு முந்தியே போட்டுத் தள்ளிட்டாங்களே! மத்தவங்க கல்யாணம் முடியட்டும்னாவது காத்திருப்பாங்க” என்றான் மாடக்கண்ணு.

“இலத்தூர் வீட்டு வண்டி காலையிலயே குத்தாலம் போச்சு, தம்பி” என்றார் மஜீது. “மொதத் தண்ணி விழுந்திருக்காம். திர போட்ட வண்டி, நான் பாத்தேன்.”

மாடக்கண்ணு சைக்கிளை மிதித்தான். துல்கர்னைன் பின்னால் உட்கார்ந்து, குற்றவாளியை மடக்கும் வாக்கியங்களைத் தயார் செய்தான். ‘மாமி, உங்கள் ஆட்டம் முடிந்தது’ என்பது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிச் சொன்ன பிறகு பெண் தருவார்களா என்று எந்த மொழிபெயர்ப்பிலும் எழுதியிருக்கவில்லை. இலஞ்சி தாண்டியதும் முகத்தில் சாரல் அடித்தது. மலை பாதிக்குமேல் மேகத்துக்குள் இருந்தது. லண்டன் மூடுபனி இப்படித்தான் இருக்கும் என்று அவன் நினைத்தான். கம்பளிக் கோட்டு தண்ணீரைக் குடித்துக் குடித்து ஒரு கன்றுக்குட்டி கனத்துக்கு வந்துவிட்டது.

“அண்ணாச்சி, கோட்ட எறங்கி நடக்கச் சொல்லுங்க” என்றான் மாடக்கண்ணு, மூச்சிரைத்தபடி.

பேரருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. அந்த நூலுக்குக் கீழே பாதி ஜில்லா நின்றுகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். ஹைருன் பீவி அங்கேதான் இருக்க வேண்டும். அங்கே போய் விசாரணை நடத்தும் துணிச்சல் உலகத்து எந்தத் துப்பறிவாளனுக்கும் கிடையாது. “ஆம்பளைங்க பக்கம் நான் உளவு பாக்குதேன்” என்று சொல்லிவிட்டு மாடக்கண்ணு சட்டையைக் கழற்றினான்.

மரத்தடியில் மாடு அவிழ்த்த வில்வண்டி நின்றது. திரை இறங்கியிருந்தது. துல்கர்னைன் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றான். மறைந்து நிற்பதில் அவனுக்குத் தனி நம்பிக்கை உண்டு.

“கோட்டு ரொம்ப நனையுது” என்றது திரைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்.

அவன் கோட்டின் ஓரத்தைச் சக்கரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“நீங்க உசுரோடதானே இருக்கிய?” என்றது குரல். “முந்தாநாள்ல இருந்து எங்க தெருவே நீங்க செத்தத அழுது பேசுது. நான் ஒங்களக் கொல்லல. சத்தியமாக் கொல்லல. அந்த ஆளத்தான் கொன்னேன்.”

துல்கர்னைன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். மாமிக்காகத் தயார் செய்த வாக்கியங்கள் எல்லாம் அருவியோடு போயின.

“நீங்களா?”

“வாப்பா முத்திரைக் கட்டயில வெட்டினேன். வண்டிக்காரர்ட்ட கொடுத்து அச்சாபீஸ் கதவுக்கு அடியில போடச் சொன்னேன். இப்படி ஒரு கத போட்டா நல்லா இருக்கும்னு அவுங்களுக்குத் தோணட்டும்னுதான். எழுத்து வெட்டக் கை வரல.”

“எழுத்து வெட்டியிருந்தா திரும்பி விழுந்து அப்பவே தெரிஞ்சிருக்கும். செருகல் பக்கம் மாறினதப் பாக்கலயா?”

“மொகத்தத்தான் பாத்தேன். இடுப்பப் பாக்குற பழக்கமில்ல.”

மழையிலும் துல்கர்னைனுக்குக் காது சுட்டது.

“அந்த ஆள் ஒங்களுக்கு என்ன செஞ்சான்?” என்று கேட்டான், வேறு கேட்கத் தெரியாமல்.

“அவனுக்கு ஒருத்தி இருக்கால்ல? மூக்குத்தியும் அவளும்! வேற உலகம், வேற உலகம்னு எல்லாரும் சொல்லுதாங்க. மொகம் ஒங்க மொகம்தானே? அவன் செத்தா அவ தன் வாப்பா வீட்டப் பாத்துப் போயிருவா. அப்புறம் எந்த ஊர்லயும் ஒங்களுக்குப் பொஞ்சாதி கிடையாது. நான் வாரப்போ சுத்தமா இருக்கும்னு நெனச்சேன்.”

துல்கர்னைன் படித்த நூற்றுக்கணக்கான நாவல்களில் பொறாமைக்காகக் கொன்ற பெண்கள் ஏராளம். கல்யாணத்துக்கு முன்பே, நடக்காத ஒரு கல்யாணத்துக்காக, இல்லாத ஒரு ஊரில் இருக்கிற ஒருவனைக் கொன்றவளை அவன் இப்போதுதான் பார்க்கிறான். பார்க்கக்கூட இல்லை. திரையின் இடுக்கில் இரண்டு விரல் நுனிகள் தெரிந்தன. நீலமாக இருந்தன.

“உம்மாவுக்குத் தெரியக் கூடாது,” என்றாள் அவள். “அந்நிய ஆம்பள மொகத்த ஒக்காந்து வெட்டினேன்னு தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது. ஒங்க கூட மட்டுமில்ல, யாரு கூடயும் பேச்சு எடுக்க மாட்டாங்க.”

வாழ்க்கையில் முதன்முறையாக துல்கர்னைன் ஒரு குற்றத்தை அடிமுதல் நுனிவரை கண்டுபிடித்திருக்கிறான். பெயரைச் சொன்னால் பெண் போய்விடும். பெயரைச் சொல்லாவிட்டாலும் பெண் போய்விடும். இந்த மாதிரி முடிச்சை எழுத்தாளர்கள் கடைசி அத்தியாயத்தில் அவிழ்ப்பார்கள் என்றுதான் அவன் நம்பியிருந்தான். அருவிக்கரையில் நனைந்துகொண்டு தானே அவிழ்க்க வேண்டும் என்று எண்ணவில்லை.

“யாரது, புத்தகக் கடைத் தம்பியா?”

ஹைருன் பீவி வந்துகொண்டிருந்தார். துப்பட்டி நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது. அவருக்கு மிகப் பின்னால் மாடக்கண்ணு, தலையில் துண்டோடு, மாமியைக் காட்டி இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து வைத்து, ‘விலங்கு, விலங்கு’ என்று சைகை செய்துகொண்டிருந்தான்.

“நல்லதாப் போச்சு. நேராவே கேட்டுருவோம்.” ஹைருன் பீவி வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். “துப்புத் தேடுத ஆளுன்னு பேரு வச்சிருக்கீரு. ஒம்ம சாவுக்கே துப்புக் கெடக்கலன்னா எம்மகளுக்கு நீரு என்ன காவல்? பகையாளி யாருன்னு சொல்லும். வார வெள்ளிக்கெழம ஜும்ஆ தொழுக முடிஞ்சு பேசி முடிச்சிருவோம். தெரியலன்னா, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதேயும், இத்தோட விட்டுருவோம்.”

“தெரியும், மாமி” என்றான் துல்கர்னைன். வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. கண்டுபிடித்தவனின் பெருமை எங்கேயாவது ஓர் ஓட்டை வழியாக வெளியே வராமல் இருக்குமா?

“யாரு?”

அவன் அருவியைப் பார்த்தான். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், நடுவில் பாறை. நீல விரல்கள் திரைக்குள் போய்விட்டன. முதுகுக்குப் பின்னால், அவனுக்கு மட்டும் கேட்கும்படி, துணியோடு துணி உரசுவது போல ஒரு குரல் வந்தது:

“மறுகுத்தாலத்துல நடந்ததா வச்சு ஒரு கத சொல்லுங்களேன்.”